கொதி வந்தபின் தீ எதற்கு?

தண்ணீர் கொதி வந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 170 மீட்டர் மேலே இருக்கும் திருவண்ணாமலையில் அந்த நூறும் அரை டிகிரிபோலக் குறைந்தே இருக்கும். தீயை முழுதாகத் திறந்துவைத்து மூடி தடதடவென ஆடும் பானையில் கிடக்கும் பருப்பும், தீயைத் தணித்து லேசாகக் குமிழியிடும் பானையில் கிடக்கும் பருப்பும் ஒரே சூட்டில்தான் வேகின்றன. வேகும் நேரமும் ஒன்றுதான். வேறுபாடெல்லாம் ஆவியில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும். அதாவது ஏறத்தாழ எட்டு மடங்கு. சமையலறைச் சிக்கனத்தைப் பற்றிய எல்லாப் பேச்சும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வீட்டு எரிவாயு பொருளை வேகவைப்பதில் செலவாவதைவிடத் தண்ணீரை ஆவியாக்கி ஜன்னல் வழியே அனுப்புவதில்தான் அதிகம் செலவாகிறது.

இதை ரூபாயில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி இருக்கிறது. அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்துள்ள குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம். அது சோதனைக்கூடத்தில் எடுக்கும் அளவு. காற்று வீசும் ஜன்னல், அடைத்துப்போன பர்னர், தீயைவிடச் சிறிய பாத்திரம் என்று வீட்டு நிலைமை வேறு என்பதால், பாதி வெப்பம் மட்டுமே பாத்திரத்துக்குள் போகிறது என்று கொள்வோம். 14.2 கிலோ சிலிண்டரின் விலை 900 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 13 கிராம் வாயு, ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஒரு லிட்டரை ஆவியாக்கிவிட்டால் 98 கிராம், ஆறு ரூபாய்க்கு மேல். மூடாத பானையில் சாதம் வடித்து, திறந்த சட்டியில் பருப்பு வேகவைக்கும் வீட்டில் தினமும் இப்படி எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைச் சமையலறைச் சுவரில் பூக்கும் ஈரமே காட்டும்.

அப்படியானால் சமைப்பதற்கு உண்மையில் என்ன தேவை? சூடும் நேரமும்தான். அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கிவிடுகிறது. பருப்பு, கடலை போன்றவற்றின் தசையைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு 85 டிகிரிக்கு மேல் வேண்டும். இவற்றில் எதற்கும் தளதளவென்ற கொதி தேவையில்லை. சூடு இறங்காமல் சில மணி நேரம் நின்றால் போதும். நம் பழைய சமையலறைக்கு இது புதிய செய்தி அல்ல. மண் அடுப்பில் பெரிய வாய்க்குப் பக்கத்தில் கொடி அடுப்பு என்று ஒன்று வைத்தார்கள். பெரிய அடுப்பில் எரிந்த தீயின் மிச்சச் சூடு பக்கவழியே அங்கே போகும். ரசமோ வெந்நீரோ பருப்போ தனி விறகு இல்லாமலே அங்கே வெந்துகொண்டிருக்கும். விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் பால் சட்டியை விட்டுவைத்ததும் இதே அறிவுதான். ஆற்காட்டிலும் ஆம்பூரிலும் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே, அடியில் கொஞ்சம் கங்கு, மூடிமேல் கொஞ்சம் கங்கு, வாயை இறுக்கி அடைத்து ஆவியை உள்ளேயே நிறுத்துவது, அதைவிடச் சிறந்த மெதுச் சமையல் பாடம் வேறில்லை. எரிவாயு வந்தபின் நாம் அடுப்பை மாற்றினோம். கூடவே மிச்சச் சூட்டைப் பிடித்துவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில்தான் கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கும் மின்சார ஸ்லோ குக்கரைப் பற்றி நேராகப் பேச வேண்டும். பீங்கான் பானையைச் சுற்றி மெல்லிய மின்கம்பிச் சூடு, 150 முதல் 300 வாட்டுக்குள் மின்சாரம், காலையில் போட்டால் மாலையில் தயார். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் இந்தப் பானைக்கு 1940-ல் காப்புரிமை பெற்றார். லித்துவேனிய யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காக ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுவதும் வேகவைத்த பயறும் இறைச்சியும் சேர்ந்த உணவுதான் அவருக்குத் தூண்டுதல். பிறகு ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி 1971-ல் கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கே அது பணத்தை மிச்சம் பிடித்தது உண்மை. காரணம், அந்த வீடுகளில் இறைச்சியையும் பீன்ஸையும் மணிக்கணக்கில் வேகவைத்தது 2,000 வாட் மின் ஓவன். ஓவனோடு ஒப்பிட்டால் எந்தப் பானையும் சிக்கனம்தான். நம் வீட்டில் ஓவன் இல்லை, பிரஷர் குக்கர் இருக்கிறது. மேலைநாட்டுச் சிக்கனக் குறிப்பை அப்படியே இங்கே இறக்கினால் கணக்கு தவறும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். அரைக்கிலோ கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். அதோடு ஒரு லிட்டர் தண்ணீர். இதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 125 கிலோகலோரி போதும். 200 வாட் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், அதாவது 1,376 கிலோகலோரி. கடலைக்குத் தேவைப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் பானையின் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் அறைக்குள் கசிந்துவிடுகிறது. யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 8 ரூபாய். இதே கடலையைத் திறந்த சட்டியில் சிறு பர்னரில் ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால், தணித்த தீ மணிக்கு 70 கிராம் குடிக்கும் என்ற கணக்கில், சுமார் 128 கிராம் வாயு, அதுவும் 8 ரூபாய்தான். பிரஷர் குக்கரில் 60 கிராமுக்குள் முடியும், 4 ரூபாய்க்கும் குறைவு. கொதிக்கவைத்து, கால் மணி நேரம் தணலளவு தீயில் விட்டு, பிறகு தீயை அணைத்துச் சூடு ஆறாத பெட்டிக்குள் வைத்தால் 40 கிராம், இரண்டரை ரூபாய். இண்டக்‌ஷன் அடுப்பில் கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் வைத்தால் கால் யூனிட், ஒன்றேகால் ரூபாய். இந்த எண்கள் உங்கள் வீட்டு அடுப்பு, பாத்திரம், விலை ஆகியவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கலாம். வரிசை மாறாது. மெதுவாக வேகவைப்பது மட்டும் மிச்சம் தராது. சூட்டை வெளியே விடாமல் வேகவைப்பதுதான் மிச்சம் தரும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் ஸ்லோ குக்கர் ஓடும் மின்சாரத்துக்குக் காசே இல்லை என்று சிலர் சொல்லலாம். வாரம் மூன்று முறை ஓட்டினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் ஆகிறது. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாம் ஓடும் வீடு இலவச நூறுக்குள் நிற்பது கடினம். 40 யூனிட் கூடும்போது அது இலவசப் பங்கில் கூடுவதில்லை, உச்சியில், விலை கூடிய படியில்தான் போய் நிற்கும். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடாக இருந்தால் அந்த வரம்பைத் தாண்டுவதற்கே அது காரணமாகிவிடும், அப்போது முழுப் பட்டியலின் விகிதமும் மாறும். அதோடு, அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. நம் பட்டியலில் வராத செலவும் எங்கோ ஒருவர் தலையில் விழத்தான் செய்கிறது. ஏற்கெனவே ஸ்லோ குக்கர் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குளிர்ந்த நீருக்குப் பதில் கொதிநீர் ஊற்றித் தொடங்குங்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், பானை நிறையச் சமையுங்கள், கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் துணி சுற்றி வைப்பது மட்டும் கூடாது. தீப்பிடிக்கும். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு: வேண்டாம்.

பெட்டிக்கு வருவோம். மலையாளத்தில் இதற்குச் சூடாறாப்பெட்டி என்றே பெயர். தமிழில் வேறு பெயர் தேட வேண்டியதே இல்லை. 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம், விறகைக் குறைத்து எரிக்கும் பரிஷத் அடுப்பை வீடு வீடாகக் கொண்டுசென்றது. பாலக்காடு மாவட்டம் முண்டூரில் இருக்கும் அதன் ஊரகத் தொழில்நுட்ப மையத்தின் வழியாகச் சூடாறாப்பெட்டியையும் பரப்பியது. தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி, கொதித்த அரிசிப் பானையை உள்ளே வைத்து மூடினால் தானே வேகும், அவ்வளவுதான். அதற்கும் முன்னால், உலகப் போர்க் காலத்தில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டன் வீடுகளில் மரப்பெட்டிக்குள் உலர்புல்லைத் திணித்து இதையே செய்தார்கள். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் இன்று தெர்மல் குக்கர் என்று விற்கும் பெரிய எவர்சில்வர் உருளையும், உள்ளே வைக்கும் பானையும் அதே பெட்டியின் பளபளப்பான வடிவம். அளவைப் பொறுத்து ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் ஆகலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இதைச் செய்ய வேண்டிய பொருள் காலடியில் கிடக்கிறது. ஆரணி அரிசி ஆலைகளின் உமியும், அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோலும் வெப்பத்தைக் கடத்தாத பொருள்களில் தெர்மோகோலுக்கு அடுத்த வரிசையில் நிற்பவை. ஒரு மூங்கில் கூடையோ பழைய மரப்பெட்டியோ தடித்த அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். பானையை நடுவில் வைத்தால் அடியிலும் நான்கு பக்கமும் மேலேயும் குறைந்தது நான்கு விரற்கடை இடம் இருக்க வேண்டும். உமியை அப்படியே கொட்டினால் சிந்தும், சோற்றிலும் விழும். ஆகவே பழைய தலையணை உறைகளிலும் பழைய வேட்டித் துண்டில் தைத்த பைகளிலும் நிரப்பி, அடியில் ஒன்று, சுற்றிலும் நீளமாக ஒன்று, மேலே மூட ஒன்று என்று வைத்துவிடலாம். மேல் பைக்குத்தான் அதிகக் கவனம் தேவை. சூடு மேல்நோக்கித்தான் தப்பும். அங்கே ஓர் இடுக்கு இருந்தால் மற்ற எல்லாப் பக்கமும் வீண். தெர்மோகோல் பயன்படுத்துகிறவர்கள் பானைக்கும் அதற்கும் நடுவே தடித்த துணி வைக்க வேண்டும். கொதிசூட்டில் தெர்மோகோல் இளகிச் சுருங்கும். உமிப்பையும் வைக்கோலும் ஈரம் பட்டால் சூட்டைக் கடத்தத் தொடங்கிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். மாதம் ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். வெயிலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

பெட்டி எப்படி இருக்கிறது என்பதைச் சமைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பானை நிறையக் கொதிநீரை ஊற்றி மூடி, ஒரு நிமிடத்துக்குள் பெட்டிக்குள் இறக்கி, நான்கு மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 75 டிகிரிக்கு மேல் இருந்தால் பெட்டி தேறிவிட்டது. வெளியே மேடையில் வைத்த நான்கு லிட்டர் பானை முதல் ஒரு மணி நேரத்திலேயே 15, 20 டிகிரி இழந்துவிடும். நல்ல பெட்டிக்குள் அது மணிக்கு மூன்று டிகிரிபோல மட்டுமே இறங்கும். ஆனால் ஒரு லிட்டர் பானை பெட்டிக்குள்ளேயும் வேகமாக ஆறும். பொருளின் அளவு குறையக் குறைய அதன் எடைக்கு ஒப்பிட வெளிப்பரப்பு கூடுகிறது என்பதே காரணம். அதனால் இந்த முறை இருவர் வீட்டைவிட ஐவர் வீட்டுக்கு அதிகம் பலன் தரும். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் சிறிய பானையும் அதற்கேற்ற சிறிய பெட்டியும் வைத்து, பானையை முக்கால்வாசிக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும்.

புழுங்கலரிசிக்கு வழக்கம்போலத் தாராளமாகத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு மறுபடி கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விட்டு, மூடி பெட்டிக்குள் வைத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதமாகிவிடும். எடுத்துக் கஞ்சி வடித்துவிடலாம். பச்சரிசிக்கு அரைமணி போதும், அதற்குமேல் விட்டால் குழைந்துவிடும். ஜவ்வாது மலைச் சாமைக்கு அளவாக நீர் வைத்து, கொதித்ததும் இருபது நிமிடம். துவரம்பருப்பை அரைமணி ஊறவைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு மணி நேரம் பெட்டியில் விடலாம். கொண்டைக்கடலைக்கு இரவெல்லாம் ஊறல், கால் மணி நேரக் கொதி, நான்கைந்து மணி நேரப் பெட்டி. பழைய கடலையாக இருந்தால் நடுவில் ஒருமுறை எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. புளியும் தக்காளியும் முதலிலேயே சேர்ந்தால் பருப்பு இளகாது, வெந்தபின் சேருங்கள். இந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பயறின் தோலை இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டுமாவது குழாயில் வரும் குடிநீரைப் பயன்படுத்தினால் வேகும் நேரம் கண்கூடாகக் குறையும். ஆவி போகாததால், வடிக்கும் சாதத்தைத் தவிர மற்றவற்றுக்கு வழக்கமாக ஊற்றுவதைவிடக் கால்பங்கு தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும்.

சுவை கெடும் என்பது பலர் எழுப்பும் தடை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. வத்தக்குழம்பும் காரக்குழம்பும் வற்ற வேண்டிய பொருள்கள். நல்லெண்ணெய் பிரிந்து மேலே வருவதற்குத் திறந்த சட்டியும் தீயும்தான் வழி. பொரியலும் வறுவலும் பெட்டிக்கு உரியவை அல்ல. பெட்டிக்கு உரியவை வேகும் பொருள்கள்: சாதம், பருப்பு, பயறு, கிழங்கு, ஆட்டுக்கால் பாயா, கூட்டு, கஞ்சி. இவற்றில் சுவை கூடவே செய்யும், ஏனென்றால் மணம் ஆவியோடு வெளியே போவதில்லை, அடிப்பிடிப்பதும் இல்லை. தாளிப்பைக் கடைசியில் போட்டால் எந்தக் குறையும் தெரியாது.

கெட்டுப்போகும் என்ற பயம் இன்னும் முக்கியமானது, அதை அலட்சியம் செய்ய முடியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் நுண்ணுயிர்கள் பெருகும். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சூடு 60-க்குக் கீழே இறங்கினால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும்போது உணவு கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் அதைச் சாப்பிடாதீர்கள். ஐந்தாறு மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள். இறைச்சியைப் பெரிய துண்டாகப் போடாமல் சிறிதாக நறுக்கி, கால் மணி நேரமாவது முழுக் கொதியில் விட்டு, பிறகு வையுங்கள். ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதில் இருக்கும் லெக்டின் நஞ்சு மென்சூட்டில் அழிவதில்லை, 80 டிகிரியில் வேகவைத்தால் கூடவும் செய்யும். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவெனக் கொதித்த பிறகே அது பெட்டிக்குள் போக வேண்டும். மின்சார ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை நேராகப் போடுவது ஆபத்து.

பிரஷர் குக்கர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்குப்படி, சாதாரணச் சமையலோடு ஒப்பிட்டால் பிரஷர் குக்கரில் அரிசிக்கு 20 சதவீதமும், ஊறவைத்த கடலைப்பருப்புக்கு 46 சதவீதமும் எரிபொருள் மிச்சம். அது உண்மையான மிச்சம். ஆனால் நாம் குக்கரைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: விசில் எண்ணுவது. குக்கரோடு வரும் கையேடு, அழுத்தம் முழுதாக ஏறியதும் தீயைத் தணித்து நிமிடத்தை எண்ணச் சொல்கிறது. நாம் தீயைத் தணிக்காமல் ஐந்து விசில், ஏழு விசில் என்று எண்ணுகிறோம். ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து உண்டாக்கிய ஆவியை வெளியே கொட்டுவதுதான். முதல் விசிலோடு தீயைச் சிறு பர்னருக்கு மாற்றித் தணித்து, வேண்டிய நேரத்தில் பாதி முடிந்ததும் அணைத்துவிட்டு, குக்கரை அப்படியே ஒரு கோணிப்பையும் கம்பளியும் சுற்றி வைத்துவிடலாம். அழுத்தம் தானாக இறங்க அரைமணிக்கு மேல் ஆகும். அந்த அரைமணியும் இலவச வேகல். ஆகவே குக்கரும் பெட்டியும் எதிரிகள் அல்ல. அவசரத்துக்குக் குக்கர், அவகாசம் இருக்கும்போது பெட்டி, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

அவகாசம் ஏது என்பதுதான் வேலைக்குப் போகும் பெண்களின் நியாயமான கேள்வி. பெட்டியில் வேகும் நேரம் நீளம்தான், ஆனால் அது நாம் அடுப்பருகே நிற்க வேண்டிய நேரம் அல்ல. பௌர்ணமியன்று அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகிறது. புறப்படும்போது கொதிக்கவிட்டு வைத்த கடலை, வீடு திரும்பும்போது வெந்து சூடாக இருக்கும். வெளியே போகும் வீட்டில் தீ எரியவில்லை, மின்சாரம் ஓடவில்லை என்ற நிம்மதி எந்தக் குக்கரும் தராதது. காலை ஏழு மணிக்கு வைத்த சாம்பார்ப் பருப்பு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். மே மாதத்தில் இந்த ஊரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரக்கூரை வீட்டின் அடுப்படியில் முக்கால் மணி நேரத் தீ குறைவது பணக்கணக்கில் எழுத முடியாத லாபம்.

பணக்கணக்கும் சிறியதல்ல. சாதத்திலும் பருப்பிலுமாக நாளுக்கு 50 கிராம் வாயு மிச்சமானால் ஆண்டுக்கு 18 கிலோ, அதாவது ஒரு சிலிண்டருக்கும் மேல். மாதச் சம்பள வீட்டுக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் நாடு முழுக்கச் சராசரியாக ஆண்டுக்கு நான்கு சிலிண்டர் அளவில்தான் வாங்குகின்றன. மீதிச் சமையல் இன்னும் விறகில் நடக்கிறது. அந்த வீட்டில் ஒரு சிலிண்டர் என்பது ஆண்டுக் கணக்கில் நான்கில் ஒரு பங்கு. விறகு எரியும் வீட்டிலும் பெட்டி அதே வேலையைச் செய்யும். கொதித்த பானை எதன் சூட்டில் கொதித்தது என்பது உமிக்குத் தெரியாது. விறகு வெட்டும் மேய்ச்சலும் தீயும் சேர்ந்து மொட்டையாக்கிய அண்ணாமலையில் பல பத்தாண்டுகளாக மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு போட்டு, மறுபடி பச்சையாக்கியிருக்கிறார்கள். அடிவாரத்து வீடு ஒவ்வொன்றிலும் ஒரு சுமை விறகு குறைவது அந்த உழைப்புக்குத் துணை.

பெரிய அளவில் சமைப்பவர்களுக்கு இந்த அறிவு இன்னும் அதிகம் உதவும். நூறு லிட்டர் அண்டா எந்தப் பெட்டியும் இல்லாமலே, மூடியிருந்தால், மணிக்கு ஆறேழு டிகிரிதான் இழக்கும். கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்கள் சாம்பார் அண்டாவின் பருப்பு கால் மணி நேரம் கொதித்ததும் பெரிய பர்னரை அணைத்து, வாயு முழுதாக நின்றதை உறுதி செய்துகொண்டு, இறுக்கமான மூடி போட்டு, காய்ந்த கோணிகளை நான்கு மடிப்பாகப் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டால் பருப்பு தானாகக் கரைந்திருக்கும். பிறகு காயும் புளியும் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். அவர்கள் எரிப்பது வீட்டுச் சிலிண்டர் அல்ல, மானியமில்லாத 19 கிலோ வணிகச் சிலிண்டர். ஒரு பௌர்ணமி இரவில் பத்து அண்டா இறங்கும் இடத்தில், அண்டாவுக்கு அரைமணித் தீ குறைந்தாலே மிச்சமாகும் வாயுவில் இன்னோர் அண்டாச் சோறு வடிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நாளைக்குப் பருப்பு மட்டும். அரைமணி ஊறவைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் இறக்கி, வீட்டில் இருக்கும் கம்பளியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து, ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பாருங்கள்.